வாடகை வீட்டு கராஜில் கிட் கார் கட்டலாமா?

தம்பி, கோவையிலிருந்து வேலை விசாவில் இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூரையில்லாத குட்டி கார் ஒன்றைப் பார்த்து விசாரித்தால், அதை ஓட்டி வந்தவரே பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டினாராம், அதாவது கிட் கார். நாமும் அப்படி ஒன்று கட்டி, நம்பர் வாங்கி, முறைப்படி ரோட்டில் ஓட்ட முடியுமா, விசாவில் இருப்பவருக்குத் தடை உண்டா என்பது உங்கள் கேள்வி.

முடியும். சொந்த உபயோகத்துக்குக் கட்டினால் விசா குறுக்கே வராது. கட்டி விற்றுக் காசு பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அது விசாவுக்கும் ஆகாது, கீழே சொல்லப்போகும் சோதனைக்கும் ஆகாது.

ஊரில் இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. கரிவரதன் உங்கள் கோவையிலேயே மாருதி எஞ்சின் போட்டு ரேஸ் கார்கள் கட்டினார், ஆனால் அவை ஓடியது பந்தயப் பாதையில். இங்கே கதை வேறு. 1957-இல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மேன் லோட்டஸ் செவன் காரைக் கொண்டு வந்தபோது, முழு காருக்கு விற்பனை வரி இருந்தது, பாகங்களாக விற்றால் இல்லை. அதனால் ஜனங்கள் பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டினார்கள். 1973-இல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே வருடம் செவனின் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனியின் கைக்குப் போனது. வரி லாபம் போனாலும் பழக்கம் போகவில்லை. நீங்கள் பார்த்தது செவனாகவோ அந்த ஜாடையில் வந்த பல கார்களில் ஒன்றாகவோ இருக்கும்.

இப்போது சட்டம். கட்டி முடித்த காரை ஐவிஏ என்ற, தனி வண்டிகளுக்கான ஒப்புதல் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். 2009-இல் வந்தது, நடத்துவது டிவிஎஸ்ஏ என்ற அரசு வாகனத் தர அமைப்பு. அதில் சொந்தமாகக் கட்டியவருக்கு என்றே தனி வகுப்பு உண்டு. கட்டணம் சுமார் 450 பவுண்ட், மறுசோதனைக்கு சுமார் 90. நீங்களே கட்டினீர்கள் என்பதற்குப் படங்களும் ரசீதுகளும் கேட்பார்கள். சேஸி வந்து இறங்கிய நாளிலிருந்தே படம் எடுத்து வையுங்கள்.

வண்டி ஓடுகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். மோதினால் வெளியே நிற்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் எது குத்தும் என்பதில்தான் பாதிக் கவனம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையை காரின் வெளிப்புறத்தில் உருட்டினால் அது தொடும் விளிம்பெல்லாம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். செவன் வகைக் காரில் சஸ்பென்ஷனே வெளியில்தான் நிற்கும், போல்ட் முனைகளும் பிராக்கெட்டுகளும் எங்கு பார்த்தாலும் நீட்டிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் தொப்பியும் ரப்பர் விளிம்புப் பட்டையும் போட்டுத்தான் பலர் தப்பிக்கிறார்கள். டேஷ்போர்டுக்கு இன்னும் பெரிய உருண்டை, 165 மில்லிமீட்டர். அழகாக இருந்தாலும் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல் டாகிள் சுவிட்சுகளை வாங்கிவிட்டு வருத்தப்படாதீர்கள்.

அடுத்தது ஸ்டீயரிங். வளைவில் கையைத் தளர்த்தினால் அது தானாக நேர் நிலையை நோக்கித் திரும்ப வேண்டும். டோனர் கார், அதாவது பாகங்களுக்காகப் பிரிக்கும் பழைய கார்; அதன் பாகங்கள் அதன் எடைக்குச் செய்தவை. அவற்றை அதில் பாதி எடையுள்ள காரில் மாட்டினால் திரும்புவதற்கு வேண்டிய உந்துதல் கிடைக்காமல் போகலாம். வீல் அலைன்மென்ட்டை முறையாகச் செய்யுங்கள். பிரேக்கிலும் இதே சிக்கல்தான்: முன் சக்கரம் சுழலாமல் இறுகுவதற்கு முன் பின் சக்கரம் இறுகினால் தோல்வி. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், ஒரு மைல்கூடக் குறைத்துக் காட்டக் கூடாது. விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட் பிடிமானம், எக்ஸாஸ்ட் சத்தம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. டிவிஎஸ்ஏவின் சோதனைக் கையேடு இணையத்தில் இலவசம். கிட் கம்பெனியின் வழிகாட்டியைவிட அதைத்தான் நான் அதிகம் புரட்டினேன்.

என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5 டோனர் வைத்துக் கட்டியது. பின்சக்கர இழுப்பு, நம்பகமான எஞ்சின். இந்த ஊர்க் குளிர்கால உப்பில் பாடி துருப்பிடித்து, உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போது லாக் புக், அதாவது நம் ஆர்சி, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம்பர் பிளேட் எதுவாக வரும் என்பது அதைப் பொறுத்தது. புது சேஸியும், ஒரே டோனரிலிருந்து எடுத்த இரண்டு முக்கியப் பாகங்களும் இருந்து, ஆதாரத்தையும் காட்டினால் டோனரின் வயதுக்கேற்ற நம்பர் கிடைக்கும். ஆதாரம் போதாவிட்டால் Q என்ற எழுத்தில் தொடங்கும் ‘க்யூ’ பிளேட். அதுவும் சட்டப்படி சரிதான், ஆனால் அதன்மேல் ஃபேன்சி நம்பர் மாட்ட முடியாது, சில இன்ஷூரன்ஸ்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எஞ்சின் எந்த வருடத்தது என்று காட்டினால் புகை அளவும் அந்த வருடத்துக்கு ஏற்றதுதான். யாரோ பாதியில் விட்ட கிட் காரை மலிவு என்று வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் காகித விஷயத்தில்தான்.

சரி, உங்கள் நிலைமைக்கு வருகிறேன். இந்திய லைசென்ஸில் இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் தியரியும் பிராக்டிகலும் முடித்துவிடுங்கள், கார் கட்டுவதைவிட அவசரம் அதுதான். அப்புறம் ஒரு சாதாரண காரை ஓரிரு வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டுங்கள். இங்கே ஓட்டிய வரலாறே இல்லாதவருக்குக் கிட் கார் இன்ஷூரன்ஸ் கிடைப்பதே கடினம், கிடைத்தாலும் கை சுடும். பாகம் வாங்கும் முன்னாலேயே கிட் கார்களுக்கென்று இருக்கும் புரோக்கர் ஒருவரிடம் விலை கேட்டுவிடுங்கள்.

கராஜ் வாடகை வீட்டோடு வந்தது என்கிறீர்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேலையும் மாறும், வீடும் மாறும். சக்கரம் இல்லாத சேஸியோடு வீடு மாறுவது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் சேஸியைச் சீக்கிரம் உருளும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பெயின்ட் பற்றி அப்புறம் யோசிக்கலாம். செலவைப் பொறுத்தவரை விளம்பரத்தில் போட்டிருக்கும் கிட் விலையை மொத்தச் செலவாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். டயர், சீட், வயரிங், பிரேக் குழாய், கருவிகள் என்று அது ஊதிக்கொண்டே போகும்.

சோதனை நாளில் நம்பர் இல்லாமலேயே காரை ஓட்டிப் போகலாம். முன்பதிவு செய்த சோதனைக்குப் போவதாகவும், சேஸி நம்பரின் பேரில் இன்ஷூரன்ஸ் இருப்பதாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதுவரை சரியாக ஓடியே பார்க்காத வண்டி அது, டிரெய்லரில் ஏற்றிப் போவதே என் விருப்பம். பாஸானதும் அந்தச் சான்றிதழ், பதிவு விண்ணப்பம், கட்டிய வண்டியின் விவரம் சொல்லும் வி627/1 படிவம், டோனர் காகிதங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் ஸ்வான்சியில் உள்ள, வண்டிகளைப் பதிவு செய்யும் டிவிஎல்ஏவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் மேலும் ஏதாவது கேட்டு எழுதுவது சகஜம். நம்பர் வந்ததும் பிளேட் அடிக்கிற கடைக்கு அடையாள அட்டையையும் அந்த நம்பருக்கு உங்களுக்கு உரிமை உண்டு என்று காட்டும் காகிதத்தையும் கொண்டுபோங்கள். இரண்டும் இல்லாமல் அடித்துத் தர மாட்டார்கள்.