விளாவ மறுக்கும் ஷவர்

கேள்வி: வீடு கட்டி ஐந்து வருஷம் ஆகிறதுங்க. மாடி பாத்ரூம் ஷவரில் கைப்பிடியை நூலளவு இந்தப் பக்கம் திருப்பினால் தோல் உரிகிற சூடு, அந்தப் பக்கம் திருப்பினால் ஒரே ஜில்லிப்பு. இதமாக வருவதே இல்லை. அதுவும் கீழே சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் மேலே குளிக்கிறவர் அலறுகிறார். டைல்ஸை உடைத்து டைவர்ட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் பிளம்பர். உடைக்கட்டுமா?
- ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: கொஞ்சம் பொறுங்க அம்மிணி. அண்டாவிலிருந்து சுடுதண்ணீரை மோந்து வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டுக் கையால் துழாவி விளாவினோமே, அதே வேலையைத்தான் சுவருக்குள் இருக்கிற டைவர்ட்டர் வால்வும் செய்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் தண்ணீர் வந்தால்தான் அதனால் விளாவ முடியும்.

முதலில் கைப்பிடியை முழுக்கச் சூட்டுப் பக்கம் வைத்து, ஒரு வாளி நிறைய எத்தனை நேரம் ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். அப்புறம் பச்சைத் தண்ணீர்ப் பக்கம். சுடுதண்ணீருக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தால் கோளாறு கீசர் பக்கம். கீசருக்குக் கீழே உள்ள ஆங்கிள் காக், அதுதான் தண்ணீரை மூடித் திறக்கிற சின்னத் திருகு, பாதிதான் திறந்திருக்கும், சிரிக்காதீர்கள், பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது சரியாக இருந்தால், கீசருக்குள் தண்ணீர் ஏறுகிற இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வில் உப்பு அடைத்திருக்கலாம். போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு சூடேறும்போதுதான் அதிகம் பிரிந்து படியும், அதனால் பச்சைத் தண்ணீர்க் குழாய் சுத்தமாக இருக்க, சுடுதண்ணீர்ப் பாதை மட்டும் குறுகிக்கொண்டே வரும்.

மொட்டை மாடியில் சோலார் இருந்து, பச்சைத் தண்ணீருக்கு மட்டும் பிரஷர் பம்பு வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் பம்பு தள்ளுகிற தண்ணீர் வால்வு வழியாகச் சுடுதண்ணீர்க் குழாய்க்குள்ளேயே எதிர்த்து ஏறும். சோலார் தொட்டியின் காற்றுக்குழாயில் தண்ணீர் வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் சுடுதண்ணீர் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். அதுவும் எதிர்த்து ஏறுவதைத்தான் நிறுத்தும். அழுத்தம் சமமாக வேண்டுமென்றால் பம்பை அந்த பாத்ரூம் லைனிலிருந்து பிரித்துவிடுவதே நல்லது.

இரண்டு வாளியும் ஒரே நேரத்தில் நிறைகிறது, கலந்தால் மட்டும் தகராறு என்றால் கார்ட்ரிட்ஜை, அதாவது கைப்பிடிக்குப் பின்னால் இருந்து இரண்டு தண்ணீரையும் கலக்கிற உருளையைக் கழற்றுங்கள். இதற்கு டைல்ஸை உடைக்கவே தேவையில்லை. கீசர் சுவிட்சை அணைத்து, இரண்டு லைனையும் மூடி, கைப்பிடியைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். நான் முதல்முறை பச்சைத் தண்ணீரை மட்டும் மூடிவிட்டு நட்டைக் கழற்றி, சுடுதண்ணீரில் சட்டையோடு குளித்தவன், அதனால்தான் இரண்டும் என்கிறேன். கைப்பிடியில் சிவப்பும் நீலமுமாக ஒரு சின்ன மூடி இருக்கும், அதை நெம்பினால் உள்ளே ஆலன் கீ திருகு. கைப்பிடி, அதன் பின்னால் உள்ள வட்டத் தகடு, பெரிய நட் எல்லாம் வரிசையாக வந்துவிடும். கார்ட்ரிட்ஜை நேராக இழுங்கள்.

எங்கள் வீட்டில் இழுத்தபோது அடியில் இருக்கும் ஓட்டைகளில் ஒன்றில் கேழ்வரகு அளவில் வெள்ளையாக இரண்டு உப்புக் கட்டிகள் சிக்கியிருந்தன, மூன்று மாசப் பாடு அவ்வளவுதான்! வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். பாத்ரூம் கழுவுகிற ஆசிடை மட்டும் தொடாதீர்கள், ரப்பர் வளையத்தைத் தின்றுவிடும். கைப்பிடி சொரசொரவென்று திரும்பினாலோ வளையம் தேய்ந்திருந்தாலோ புதிது வாங்குங்கள். 35 மி.மீ., 40 மி.மீ. என்று அளவு மாறும், பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போய்விடுங்கள். மாட்டும்போது அடியில் உள்ள இரண்டு முளைகளும் குழியில் சரியாக உட்கார வேண்டும்.

சமையலறைக் குழாயைத் திறந்தால் அலறுகிற விஷயம் வேறு. இரண்டு இடத்துக்கும் பச்சைத் தண்ணீர் ஒரே குழாயில் இறங்குகிறது, அங்கே திறந்ததும் இங்கே அழுத்தம் விழுந்து சூடு முந்திக்கொள்கிறது. சாதாரண டைவர்ட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் இது போகாது. பாத்ரூமுக்குத் தொட்டியிலிருந்து தனி லைன் இழுப்பதுதான் வழி. அதுவரை கீசரை 50 டிகிரிக்கு இறக்கி வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே பொசுக்கிவிடும், வீட்டில் குழந்தைகளோ வயசானவர்களோ இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஷவரில் நீலப் பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர் வருகிறது. புது வீடு. என்ன செய்வது?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சுவருக்குள் இரண்டு லைனையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சில கார்ட்ரிட்ஜ்களை 180 டிகிரி திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும், கழற்றிப் பாருங்கள். முளை இடம் கொடுக்கவில்லை என்றால் வீட்டு அம்மாவிடம் சிவப்பு நகப்பூச்சு வாங்கி, நீலத்தின் மேல் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.