ஹான்ஸ் ஆப்ரஹாம்சன் ஏன் எழுதாமல் இருந்தார்?

கேள்வி: டென்மார்க்கின் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஆப்ரஹாம்சன் நடுவயதில் பல ஆண்டுகள் புதிதாக எதையும் எழுதவில்லை என்கிறார்களே, உண்மையா? அந்த இடைவெளி அவரது இசையைப் பாதித்ததா?

பதில்: உண்மைதான். 1952இல் கோபன்ஹேகனை அடுத்த லிங்பியில் பிறந்த அவர் முதலில் பயின்றது பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி. பிறவியிலேயே வலக்கை முழுமையாக இயங்காத அவருக்கு, விசைகளை இடக்கையால் அழுத்தி வாசிக்கும் அந்தக் கருவி பொருந்தி வந்தது. டென்மார்க்கின் இசையமைப்பாளர் பெர் நோர்கோரிடம் இசையமைப்புக் கற்று, இருபதுகளிலேயே 'வால்டன்' போன்ற எளிமையும் தெளிவும் கொண்ட படைப்புகளால் பெயர் பெற்றார். ஆனால் 1990 வாக்கில் பேனா நின்றுவிட்டது. வெள்ளைத் தாளின் முன் தாம் முடங்கிப்போனதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அந்த ஆண்டுகளிலும் அவர் இசையை விட்டு விலகவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பிறருடைய படைப்புகளை வேறு கருவிகளுக்கு மாற்றி எழுதிவந்தார். அவற்றுள் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஜோஹன் செபாஸ்டியன் பாக்கின் கேனன்களும் இருந்தன. ஒரு குரல் தொடங்கிய மெட்டை இன்னொரு குரல் சற்றுப் பின்னால் தொடரும் வடிவம் அது.

அந்த உழைப்பின் பலன் 2006 முதல் 2008 வரை எழுதிய 'ஷ்னே' என்ற படைப்பில் தெரிகிறது. 'பனி' என்று பொருள்படும் இதில், ஒன்பது கலைஞர்கள் பத்து கேனன்களை வாசிக்கிறார்கள். கேனன்கள் போகப்போகச் சுருங்கிக்கொண்டே வருகின்றன. இடையிடையே கலைஞர்கள் கருவிகளின் சுருதியை மாற்றியமைப்பதும் இசையின் பகுதியாகவே அமைகிறது. தாளக் கலைஞர் காகிதத்தை மேசைமேல் தேய்க்கும் மெல்லிய ஒலியைக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். இவ்வளவு குறைந்த ஒலியில் இவ்வளவு நேரம் கேட்பவரைக் கட்டிப்போடும் துணிவு, அந்த இடைவெளி இல்லாமல் அவருக்கு வாய்த்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அவரது இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: 'லெட் மீ டெல் யூ'விலிருந்து தொடங்குங்கள். சோப்ரானோ எனும் உச்சக்குரல் பாடகி பார்பரா ஹானிகனுக்காக எழுதப்பட்டு, 2013 டிசம்பரில் ஆண்ட்ரிஸ் நெல்சன்ஸ் நடத்த, பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு முதன்முதலாக அரங்கேற்றிய அரைமணி நேரப் படைப்பு இது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒபீலியா பேசும் சொற்களை மட்டுமே கொண்டு எழுத்தாளர் பால் கிரிஃபித்ஸ் ஆக்கிய வரிகளை அவள் குரலாகவே பாடகி பாடுகிறார். 2016இல் இதற்கு, இசையமைப்புக்கான கிராவமேயர் விருது கிடைத்தது. பாடகி ஒரே சுரத்தைத் தடுக்கித் தடுக்கித் திரும்பத் திரும்ப உச்சரிக்கும் இடங்களைக் கவனியுங்கள். சொல்ல வாயெடுத்துத் தயங்கும் ஒரு பெண் அங்கே தெரிவாள். பிறகு 'ஷ்னே'. டென்மார்க்கின் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் கதையை வைத்து எழுதி, 2019இல் கோபன்ஹேகனில் அரங்கேறிய 'பனி அரசி' ஓப்பராவை அதன் பின் கேட்டால், அதன் பனி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே விளங்கும்.