தார்யேய் வேசோஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நார்வே நாவலாசிரியரும் கவிஞருமான தார்யேய் வேசோஸ் (1897–1970) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கோவை வாசகர்: சார், பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

டெலிமார்க் மலைநாட்டில் வின்யே என்ற ஊர்க்காரர். வேசோஸ் என்பது அவர்கள் பண்ணையின் பெயர், அதுவே குடும்பப் பெயராகவும் ஆயிற்று. மூன்று மகன்களில் இவர் மூத்தவர். அந்நாட்டு வழக்கப்படி பண்ணை தலைமகனுக்குத்தான். அப்பாவும் அப்படியே எதிர்பார்த்திருந்தார். இவர் எழுதப் போகிறேன் என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்தக் குற்ற உணர்வு கடைசிவரை அவரை விடவில்லை.

முதல் நாவல் 1923இல் வந்தது. பெயர் நிலைத்தது 1934இல் வந்த ‘பெரு விளையாட்டு’ நாவலால். அதில் பேர் என்ற சிறுவனிடம் அப்பா, நீ ஆயுசுக்கும் இந்தப் பூஃபாஸ்ட் பண்ணையில்தான் இருக்கப்போகிறாய் என்று சொல்கிறார். பையனுக்கு அது சிறைத் தண்டனையாகப் படுகிறது. ஆனால் நாவல் முடிவதற்குள் அந்த மண்ணை அவன் மனதார ஏற்றுக்கொள்கிறான். தான் மறுத்த வாழ்க்கையை இவ்வளவு பரிவோடு எழுத முடிந்ததில்தான் வேசோஸ் எனக்குப் பெரிய எழுத்தாளராகிறார். அதே ஆண்டு கவிஞர் ஹால்டிஸ் மோரனைத் திருமணம் செய்துகொண்டு, வின்யேயிலேயே மிட்பே என்ற பண்ணையில் குடியேறினார். இறக்கும்வரை அதுதான் வீடு.

மதுரை வாசகி: ‘பனி மாளிகை’யில் ஊன் சொல்லாமல் விட்ட ரகசியம் என்ன சார்?

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிஸ், ஊன் இருவரும் பதினோரு வயதுச் சிறுமிகள். தாயை இழந்த ஊன், பெரியம்மா வீட்டில் வந்து தங்குகிறாள். ஒரு மாலை இருவரும் ஒரே கண்ணாடியில் முகம் பார்க்கிறார்கள். தனக்குள் ஒன்று இருக்கிறது, அதனால் சொர்க்கத்துக்குப் போகமாட்டேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறாள் ஊன். என்னவென்று சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போகாமல் உறைந்த அருவிக்குள் நுழைந்து, பனி அறை ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசி அறையில் உறைந்து இறந்துபோகிறாள்.

ரகசியத்தை நாவல் எங்குமே வெளிப்படுத்துவதில்லை. தேடாதீர்கள். ஊர் முழுக்க வந்து ஊன் என்ன சொன்னாள் என்று சிஸ்ஸைத் துருவுகிறது. அந்தக் கேள்விகளின் பாரத்தில்தான் அவள் வாய்மூடிப் போகிறாள். நாமும் துருவினால் அந்தக் கூட்டத்தில் போய் நிற்கிறோம். என் எச்சரிக்கை இது ஒன்றுதான்: இவரை விடுகதையாகப் படிக்காதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: க.நா.சு. மொழிபெயர்த்த ‘நிலவளம்’ படித்திருக்கிறேன். ஹாம்சுன் மாதிரிதானா இவரும்?

இல்லை. ‘நிலவளம்’ எழுதிய நார்வே நாவலாசிரியர் க்னுட் ஹாம்சுன், காட்டை வெட்டி மண்ணை வெல்லும் மனிதனைப் பாடுகிறார். வேசோஸின் மனிதர்கள் எதையும் வெல்வதில்லை. ‘பறவைகள்’ (1957) நாவலின் மத்திஸ் முப்பத்தேழு வயதிலும் வயல் வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று ஊர் ஒதுக்கியவன். அக்கா ஹெகே ஸ்வெட்டர் பின்னி அவனைக் காப்பாற்றுகிறாள். இரவில் வீட்டுக் கூரைக்கு மேலே ஓர் உள்ளான் பறவை பறந்து போவது அவனுக்குப் பெரும் பேறு. இந்த ஒருவனுக்காகவே அவர் ஒரு முழு நாவலைத் தருகிறார்.

தஞ்சாவூர் வாசகர்: நோபல் பெற்றவரை நீங்கள் குறைத்துச் சொல்கிறீர்களே?

எழுத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஹாம்சுனின் ‘பசி’ இல்லாமல் நவீன நாவலே இல்லை என்று சொல்லத் தயார்.

சென்னை வாசகர்: ஹாம்சுன் நாஜி ஆதரவாளர். படிக்கவே கூடாது.

தஞ்சாவூர் வாசகர்: வயதான காலத்துத் தடுமாற்றம் அது.

தடுமாற்றம் என்று தள்ளிவிட முடியாது. 1943இல் தன் நோபல் பதக்கத்தைக் கோயபல்ஸுக்குக் கொடுத்தார். 1945 மே மாதம் ஹிட்லருக்கு இரங்கல் எழுதி நாளிதழில் வெளியிட்டார். இரண்டுமே தெரிந்து செய்தவை. அதற்காகப் படிக்கக் கூடாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். படியுங்கள், இதையும் தெரிந்துகொண்டு படியுங்கள்.

அதே ஆண்டுகளில் வேசோஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். 1940இல் வந்த ‘விதை’ நாவலில், ஒரு தீவுக்கு வரும் மனநிலை பிறழ்ந்த அந்நியன் ஒரு பெண்ணைக் கொல்கிறான். அமைதியான அந்த ஊரே கும்பலாகத் திரண்டு அவனைத் துரத்திக் கொல்கிறது. நாவலின் மறுபாதி முழுக்க அந்த இரவு, செய்த காரியத்தோடு ஊரார் உட்கார்ந்திருக்கும் இரவு. ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது ‘இருளில் வீடு’ நாவலை எழுதி ஒளித்துவைத்தார். விடுதலைக்குப் பிறகு 1945இல்தான் அது அச்சேறியது. ஆக்கிரமிப்புக்கு உள்ளான நாடுதான் அந்த வீடு. மேடையேறி முழங்கும் குணம் அவருக்கு இல்லை. ஆனாலும் கும்பல் எப்படி உருவாகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர்கள் குறைவு.

சென்னை வாசகர்: அப்படியானால் ஹாம்சுனின் மற்ற நாவல்கள்...

ஹாம்சுன் போதும். இங்கே பேச வந்தது வேசோஸ் பற்றி.

சேலம் வாசகி: ஊனின் ரகசியம் அப்பாவைப் பற்றியதா?

மேலே மதுரை வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒஸ்லோவிலிருந்து: அண்ணா, என் மகளுக்குப் பள்ளியில் நீநோர்ஸ்க்கும் படிக்க வேண்டியிருக்கிறது. எதற்கு என்கிறாள். வேசோஸ் அதில்தானே எழுதினார்?

ஆமாம், முழுக்க அதில்தான். 19ஆம் நூற்றாண்டில் ஈவார் ஓசன் ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பேச்சுகளைத் திரட்டி உருவாக்கிய நார்வேஜிய எழுத்துமொழி அது. இன்று நாட்டில் அதை எழுதுவோர் சிறுபான்மை. பெரும்பான்மையோர் எழுதும் மற்ற எழுத்துமொழிக்கு மாறியிருந்தால் வேசோஸுக்கு வாசகர் பெருகியிருப்பார்கள். ஆனால் அந்தக் குறுவாக்கியங்கள், பேச்சின் நடுவே விழும் மௌனங்கள் எல்லாம் டெலிமார்க் மனிதர்களின் வாயிலிருந்து வந்தவை. 2023இல் நோபல் பெற்ற யோன் ஃபோஸ்ஸேவும் நீநோர்ஸ்க்கில்தான் எழுதுகிறார், வேசோஸிடம் தான் பட்ட கடனை மறைப்பதில்லை. மகளிடம் ‘பனி மாளிகை’யை மூலத்திலேயே கொடுங்கள். நாங்கள் எலிசபெத் ரோக்கனின் ஆங்கிலம் வழியாகப் படிப்பதை அவள் நேராகவே படிக்கலாம். அவள்மேல் எனக்குப் பொறாமைதான்.

புதுச்சேரி வாசகர்: கவிதைகள்?

முதல் கவிதைத் தொகுதி 1946இல், அவருக்கு நாற்பத்தொன்பது வயதாகும்போது வந்தது. பெரும்பாலோர் கவிதையில் தொடங்கி நாவலுக்கு வருவார்கள். இவருக்கு நேரெதிர். அதன் பிறகு நாவல்களும் இறுகின. கவிதையிலும் மரபான கவிஞராகத் தொடங்கி, அடுத்தடுத்த தொகுதிகளில் சந்தத்தை உதறிக்கொண்டே வந்தார். கடைசித் தொகுதி அவர் இறந்த 1970இல் வெளியானது.

ஈரோடு வாசகர்: ஊன் சொல்ல வந்தது...

தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

நாகர்கோவில் வாசகி: மனைவி ஹால்டிஸ் எழுதினாரா?

எழுதினார். அவரைக் கணவரின் நிழலாகப் பார்ப்பது தவறு. ட்ரிசில் ஊரில் எழுத்தாளர் ஸ்வென் மோரனின் மகளாகப் பிறந்தவர். திருமணத்துக்கு முன்பே தொகுதி வெளியிட்ட கவிஞர், ஆற்றல்மிக்க மொழிபெயர்ப்பாளர். தனியாக ஒரு முறை அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

திருச்சி வாசகர்: நோபல் கிடைக்கவில்லையா?

பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. ‘பனி மாளிகை’க்கு 1964இல் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் முதல் நூல் எழுதும் நார்வே எழுத்தாளர்களுக்கு ஒரு பரிசை நிறுவினார். இன்றும் அவர் பெயரால் அது ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது.

விருதுநகர் வாசகர்: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

‘பறவைகள்’. அதன் பிறகு ‘பனி மாளிகை’. ‘பெரு விளையாட்டு’ மூன்றாவதாக இருக்கட்டும்.