பாட்டியோட வருத்தம்

வணக்கம் சார். எங்க பாட்டி சிலோன்ல இருந்து வந்தவங்க, கூடலூர் பக்கம் டான்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டுல இருக்கோம். யாருக்காவது காய்ச்சல்னா பாட்டி "அவளுக்கு வருத்தம்"னுதான் சொல்வாங்க. காலேஜ்ல இத வச்சு கிண்டல் பண்றாங்க. பாட்டி சொல்றது தப்பா? துக்கம், சோகம் எல்லாம் வடமொழிங்கிறாங்களே, அப்ப தமிழ்ல சொந்தமா வார்த்தையே இல்லையா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டி சொல்றது தப்பே இல்லம்மா, கிண்டல் பண்றவங்ககிட்ட "மெய்வருத்தக் கூலி தரும்"னு குறள்ல வருதே அதுக்கு அர்த்தம் கேளுங்க, அங்க வருத்தம்னா மனக்கஷ்டமா என்ன, உடம்பு நோகப் பாடுபடறதுதானே. உடம்புக்கும் மனசுக்கும் பொதுவா இருந்த சொல்லு, நம்ம பக்கம் மனசோட நின்னுபோச்சு, இலங்கைத் தமிழ்ல நோய்க்கே பேராயிடுச்சு. தோட்டத் தமிழர்கள இங்க திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் கூடலூர், கோத்தகிரின்னு வந்து கொழுந்து பறிச்சவங்க வாயோட அந்தச் சொல்லும் இந்த மலைக்கு வந்துடுச்சு.

துக்கம், சோகம் ரெண்டும் வடமொழிதான். சோகத்துக்கு வேர் "சுச்", எரியறதுன்னு அர்த்தம். ஆனா சாவு வீட்டுக்கு நாம துக்கம் விசாரிக்கத்தான் போறோம், யாராச்சும் சோகம் விசாரிக்கப் போவாங்களா? வருத்தம் எனக்கோ உங்களுக்கோ தனியா வர்றது, துக்கம்னா அந்த வீட்டுக்கே வர்றது, யார் வந்தா யார் வரலன்னு வருஷக்கணக்கா ஞாபகம் வச்சிருப்பாங்க. சோகம் பாதிக்கு மேல சினிமாப் பாட்டுலயும் வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயும்தான் இருக்கு.

சொந்தச் சொல்லுக்கு பஞ்சமே இல்ல. தொல்காப்பியம் அழுகைக்கு நாலு காரணம் சொல்லுது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அடுத்தவன் கேவலமா நடத்தறது, இழக்கறது, இருந்த நிலை தளர்ந்துபோறது, கையில ஒண்ணுமில்லாம போறது. சாவ மட்டும் சொல்லி விட்டுடல பாருங்க, வறுமையையும் சேத்திருக்காங்க, எனக்கு அதுல ரொம்ப இஷ்டம். இதுல இழவுங்கிறது "இழ"ல இருந்து வந்த சுத்தமான தமிழ், ஆனா இன்னைக்கு நெட் ஸ்லோவானா கூட "என்ன எழவுடா இது"ன்னுதான் திட்டறோம். பெரியவங்க இன்னமும் எழவு வீடும்பாங்க, சரிதான், அதையே பஸ் ஸ்டாண்ட் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்ல பெருசா போட்டுப் பாருங்க, சொந்தக்காரங்க அடிக்க வருவாங்க. வடமொழின்னு நாம தள்ளப் பாக்கற துக்கம்தான் அந்த இடத்துல மரியாதையா நிக்குது, அத எடுத்துட்டு இத வைன்னு நான் சொல்லமாட்டேன்.

பாட்டி ஒப்பாரி வைப்பாங்களா? வைப்பாங்கன்னா அதுல வர்ற சொல்லெல்லாம் கேட்டு எழுதி அனுப்புங்க, நம்ம பக்கம் இல்லாதது கண்டிப்பா கொஞ்சம் இருக்கும்.