கணவர் சம்மதிக்கவில்லை, லாயருக்குப் பணமும் இல்லை. பினாங்கில் விவாகரத்துக்கு முதலில் எங்கே போவது?

கேள்வி கேட்ட சகோதரிக்கு 4 வயதில் ஒரு மகள். கணவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். நானும் இதே இடத்தில் நின்றவள்தான், பட்டர்வொர்த்தில்.

முன்பணத்தைத் தூக்கிக்கொண்டு லாயரிடம் ஓடாதீர்கள். நான் ஓடினேன். காசை வாங்கி வைத்துக்கொண்டவர் மூன்று மாதம் கழித்துத்தான் கேட்டார், "ஜேபிஎன்னில் பதிந்துவிட்டீர்களா?" என்று. எதைப் பதிவது என்றே எனக்குத் தெரியாது. ஜேபிஎன் என்றால் தேசியப் பதிவிலாகா, அங்கே சமரசத்துக்குப் பதிவதைத்தான் கேட்டிருக்கிறார்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டம்தான். இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு, நேராக உயர் நீதிமன்றம். ஒருவர் மட்டும் கேட்டால், முதலில் தேசியப் பதிவிலாகாவின் திருமணச் சமரசக் குழு. அவர்கள் 6 மாதம் வரை பேசிப் பார்ப்பார்கள். முடியவில்லை என்றால் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துத்தான் மனு. கல்யாணமாகி 2 வருடம் ஆகாவிட்டால், பெரிய கஷ்டம் என்று காட்டினால் ஒழிய மனுவே போட முடியாது.

அந்தக் குழுவின் முன் உங்களுக்காக லாயர் பேச முடியாது. குடும்பத்தில் ஒருவர் வரலாம். என் அண்ணன் பிறை என்ற ஊரில் உள்ள ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒரு பெரியவர், "பிள்ளைக்காகக் கொஞ்சம் பொறுத்துப் போகக் கூடாதாம்மா?" என்றதும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சேர்த்து வைக்கப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை என்று அப்புறம்தான் உறைத்தது. நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள், போதும். என் கணவர் அழைத்தும் வரவே இல்லை. வராவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்தேன். இல்லை, வேண்டுமென்றே வராமல் இருப்பதையும் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது, வழக்குக்கு அது தடையில்லை.

கோயிலில் தாலி கட்டியதோடு சரி, ஜேபிஎன்னில் பதியவில்லை என்றால் கதை வேறு. 1982 மார்ச்சுக்குப் பிறகு நடந்த அப்படிப்பட்ட கல்யாணத்தைச் சட்டம் பொதுவாகக் கல்யாணமாக ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் விவாகரத்து வாங்க எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைக்கான ஜீவனாம்சத்தை 1950ஆம் ஆண்டு மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்கலாம். நம் ஆட்கள் பலர் இது தெரியாமல் கைவிட்டுவிடுகிறார்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் எதிர்த்தரப்பு அதை மறுத்து வாதாடலாம், அதனால் அதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். பழகிய இடத்திலிருந்து பிள்ளையை அடிக்கடி மாற்றுவது நல்லதா என்றும் நீதிபதி பார்ப்பார். கோபத்தில் பிள்ளையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கிளம்பினால், ஆறு மாதம் கழித்து "அவள் அங்கேதானே பழகிவிட்டாள்" என்ற பேச்சு வரும். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் வந்தது. ஜீவனாம்சம் 18 வயதோடு முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு மேற்படிப்பு முடியும்வரை கேட்க வழி உண்டு.

அடி உதை இருந்தால் மேலே சொன்ன வரிசையை மறந்துவிடுங்கள். போலீஸ் ரிப்போர்ட், அப்புறம் சமூகநல இலாகா. அங்குள்ள அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்க முடியும். அடிக்கிறவரோடு சமரச மேசையில் உட்கார வேண்டும் என்று யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள், விதிவிலக்கு கேட்கலாம்.

பணமில்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா, அதாவது பந்துவான் குவாமான், குடும்ப வழக்குகளை எடுக்கிறது. வருமானத்தைப் பார்ப்பார்கள், அதனால் சம்பளச் சீட்டு கையில் இருக்கட்டும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் பினாங்கில் உண்டு. எனக்கு முதலில் வழி காட்டியது ஜோன்ஸ் ரோட்டில் இருக்கும் டபிள்யூசிசி (விமென்ஸ் சென்டர் ஃபார் சேஞ்ச்), 1985லிருந்து இயங்கும் பெண்கள் அமைப்பு. "நீ ஏன் இவ்வளவு நாள் பொறுத்தாய்?" என்று கேட்காத முதல் இடம் அதுதான்.

இங்கெல்லாம் போவதற்கு முன்னால் ஒரு ஃபைல் போடுங்கள். கல்யாணப் பத்திரம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை) நகல்கள், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வீட்டுக் கடன் கடிதம், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். வீட்டில் சண்டை சூடுபிடிக்கும் முன்பே அம்மா வீட்டில் வைத்துவிடுங்கள். ஜேபிஎன் போன அன்று கல்யாணப் பத்திர நகலை மறந்துவிட்டு, நான் மதியம் மறுபடி பஸ் ஏறினேன். நீங்கள் இரண்டு நகலாக எடுத்துப் போங்கள்.