பீமனுக்கு எத்தனை பாயின்ட்? – டைஸ் மேசை கேள்வி பதில்

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதை ஆடும் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் பீமனைக் கொண்டுவர ஆசை. பத்தாயிரம் யானை பலம் என்றால் ஸ்ட்ரெங்த் (பலப் புள்ளி) எவ்வளவு போடுவது?
– வாசகர், ஈரோடு

பதில்: யானைகளை முதலில் அவிழ்த்து விடுங்கள். 2014 விதிப்புத்தகப்படி ஸ்ட்ரெங்த்தை 15-ஆல் பெருக்கினால் சுமக்கக்கூடிய பவுண்ட். 30-ஆல் பெருக்கினால் தூக்கக்கூடியது. ஆட்டக்காரருக்கு உச்சம் பொதுவாக 20, மற்ற ஜந்துக்களுக்கு 30. மனித உடம்புக்கு 30 போட்டாலும் 900 பவுண்ட், அதாவது 408 கிலோதான் தூக்கலாம். ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 2020-இல் தரையிலிருந்து 501 கிலோவைத் தூக்கி நிமிர்ந்து நின்றார். உயிரோடு இருக்கும் மனிதருக்கே இடம் போதாத ஷீட் (பாத்திரத்தின் புள்ளிகளை எழுதும் தாள்) இது!

பட்டங்களை நான் நம்புவதில்லை. அந்த ஆள் கதையில் செய்த ஒரு வேலையைத் தேடுவேன், எடை போடுவேன். பீமனுக்கு அது அரக்கு மாளிகை எரிந்த இரவு. குந்தியைத் தோளில் ஏற்றி, நகுல சகாதேவர்களை இடுப்பில் இடுக்கி, தருமனையும் அர்ச்சுனனையும் கைகளில் பற்றிக்கொண்டு காட்டுக்குள் போகிறான். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தால் 325 கிலோ. சுமார் 717 பவுண்ட். (தருமன் கொஞ்சமாவது நடந்திருக்கலாம், அதை விடுங்கள்.)

இப்போது பார்பேரியன் வகுப்பை, அதாவது ஆவேசப் போர்வீரன் வகையை, எடுங்கள். 20-ஆம் லெவலில் ஸ்ட்ரெங்த் 24 வரை போகும். 6-ஆம் லெவலில் கரடி டோட்டம் (கரடியின் ஆவி தரும் வரம்) எடுத்திருந்தால் சுமை இரட்டிப்பு. 24 × 15 × 2 = 720. ஐந்து பேரும் ஏறியாயிற்று, மீதி மூன்று பவுண்ட். கதாயுதத்தை மட்டும் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்!

கேள்வி: ஸ்பைடர்மேன், ஹல்க் மாதிரி டன் கணக்கில் தூக்குகிறவர்களை இந்த விதியில் எப்படி எழுதுவது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: எழுதாதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே அளவு கூடுகிற கணக்கில் டன் உட்காராது. இரட்டிப்புக் கணக்கு உள்ள ஆட்டத்துக்குப் போங்கள். 1981-இல் வந்த சூப்பர் ஹீரோ ஆட்டமான சாம்பியன்ஸில் 10 புள்ளிக்கு 100 கிலோ, அப்புறம் ஒவ்வொரு 5 புள்ளிக்கும் இரு மடங்கு. 60 புள்ளியில் 102 டன். ஹல்க்குக்குத் தாராளமாக அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஈரோட்டு யானைகளும் இங்கே அடங்கிவிடும்: ஒரு யானை 3,200 கிலோ தூக்கும் என்று 35 புள்ளி கொடுங்கள், பத்தாயிரம் மடங்கு என்பது பதின்மூன்று இரட்டிப்புக்குச் சற்றே மேல், மொத்தம் 100-ஐத் தாண்டிக் கொஞ்சம்.

1984-இல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட மார்வெல் சூப்பர் ஹீரோஸ் ஆட்டமும் எனக்குப் பிடிக்கும். அதில் பலத்துக்குப் படிகள், படிகளுக்குப் பெயர்கள். ஸ்பைடர்மேன் ‘இன்கிரெடிபிள்’ படி, 10 டன். கால்குலேட்டர் தேவையில்லை.

கேள்வி: பலம் சரி. களைக்காமல் இருப்பதற்கு என்ன கணக்கு? கான்ஸ்டிட்யூஷனை (உடல் தாங்கும் திறனின் புள்ளியை) ஏற்றினால் போதாதா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தப் பகுதிக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. நடைக்குப் போதும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் நடந்தால் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் 20 முக டைஸ் உருட்ட வேண்டும். இலக்கு 11, 12 என்று ஏறும். தவறினால் ஒரு நிலை களைப்பு. ஆறாவது நிலையில் சாவு. மேலே சொன்ன பார்பேரியனின் கான்ஸ்டிட்யூஷனும் 24 என்றால் உருட்டலோடு 13 கூடும். 12-ஆம் மணி வரை ஒன்று விழுந்தாலும் தப்பிவிடுவான். அதன் பிறகுதான் சோதனையே.

சண்டைக்கு இது உதவாது. இந்த ஆட்டத்தில் வாள் வீசுவதால் மட்டும் யாருக்கும் மூச்சு வாங்காது. சாம்பியன்ஸில் வாங்கும்: புதிய பதிப்புகளில் 60 புள்ளி பலத்தை முழுதாகப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் எண்டியூரன்ஸில் (தெம்புக் கையிருப்பில்) 6 போகும். 12 விநாடிச் சுற்றில் நான்கு முறை அடித்தால் 24. சுற்று முடிவில் திரும்ப ஏறுவது 24 என்றால் அவன் களைக்கவே மாட்டான். 20 என்றால் சுற்றுக்கு நான்கு கடன். 60 எண்டியூரன்ஸ் வைத்திருப்பவன் பத்தாவது சுற்றின் கடைசி அடியில், இரண்டே நிமிடத்தில் காலி. ஆகவே களைக்காதவனை உருவாக்கக் கையிருப்பை ஏற்றாதீர்கள், திரும்ப ஏறுவதை ஏற்றுங்கள்.

ஜராசந்தனோடு பீமன் போட்ட மல்யுத்தத்தில் ஜராசந்தன் ஓய்ந்தது பதினான்காம் நாள் இரவு. அதைச் சுற்றுச் சுற்றாக ஆடினால் உங்கள் நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள். என் மேசையில் நாளைக்கு ஒரு உருட்டல், இருவரும் கான்ஸ்டிட்யூஷனில். தோற்றவனுக்கு ஒரு நிலை களைப்பு.

கேள்வி: என் மகன் தன் ஹீரோவுக்கு ‘களைப்பே வராது’ என்று எழுதி வைத்திருக்கிறான். அனுமதிக்கலாமா?
– ஒரு அப்பா, கோவை

பதில்: தாராளமாக, விலை வாங்கிக்கொண்டு. ஏகசக்கர நகரில் பிச்சையாக வந்த சோற்றில் சரிபாதி பீமனுக்கு, மறுபாதி மற்ற ஐந்து பேருக்கு. உங்கள் பையனின் ஹீரோவுக்கும் தினம் ஐந்து ஆள் ரேஷனைக் கழியுங்கள். பாலைவனத்தில் ஒரு வாரம் நடக்க விட்டுப் பாருங்கள், அந்த வரியை அவனே அடித்துவிடலாம்.