லேமினேஷன் வேண்டாம், அடுக்கையும் கலைக்க வேண்டாம்

நண்பரே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஓவியப் பள்ளி நடத்திய உங்கள் அப்பாவின் கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் தேதிவாரியாகப் பிரித்து, லேமினேட் செய்து, ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். லேமினேஷனின் சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும்; சேதமில்லாமல் பிரிப்பது கடினம்.

அப்பா வைத்திருந்த அடுக்கு அதைவிட முக்கியம். கண்காட்சி அழைப்போடு வண்ணக் கடை பில்லையும், கட்டணம் கட்ட முடியாத மாணவரின் கடிதத்தையும் அவர் ஒரே கோப்பில் வைத்திருந்தால், பள்ளியை எப்படித் தாங்கிப் பிடித்தார் என்பது அந்தச் சேர்க்கையில்தான் தெரியும். தேதிவாரியாகக் கலைத்தால் அந்தச் சாட்சியம் போய்விடும். கோப்புகளுக்குப் பென்சிலால் வரிசை எண் மட்டும் போடுங்கள்.

துருப்பிடித்த கிளிப்புகளை மெதுவாகக் கழற்றலாம். செல்லோடேப்பைத் தொடாதீர்கள். டர்பன் கடற்காற்றில் கராஜில் வைக்கவே கூடாது; ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரும். ஏற்கெனவே பூஞ்சை பிடித்தவற்றைத் தனிப்பெட்டியில் ஒதுக்குங்கள்.

முதலில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கு எழுதுங்கள். தென்னாப்பிரிக்க இந்தியர் வரலாற்று ஆவணங்களைச் சேகரிக்கும் இடம் அது. கொடுக்கும்முன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கேளுங்கள். மாணவர்களின் சொந்த விவரங்கள் எவ்வளவு காலம் பொதுப் பார்வைக்கு மூடப்பட்டிருக்கும் என்பது அதில் இருக்கட்டும். பிறர் எழுதிய கடிதங்களின் பதிப்புரிமை உங்களுடையதல்ல, எழுதியவர்களுடையது. அந்த உரிமையைக் கையளிக்க உங்களால் முடியாது.

புகைப்படங்களில் இருப்பவர்கள் யாரென்று அம்மாவிடம் இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள். அதை எந்தக் காப்பகமும் பிறகு கண்டுபிடிக்க முடியாது.